கலிஃபோர்னியாவில் வீட்டைச் சுற்றிப் புதர் அகற்றுவது: விதி, அளவு, வரிசை

தீயணைப்புத் துறையிலிருந்து 'உங்கள் மனையில் உள்ள புல், புதரை இந்தத் தேதிக்குள் அகற்றுங்கள்' என்று கடிதம் வந்ததும், புதிதாக வீடு வாங்கியவர்கள் முதலில் பின்பக்கச் சரிவில் காடாகத் தெரியும் இடத்தை வெட்ட ஆள் பிடிக்கிறார்கள். இரண்டாயிரம் டாலர் செலவாகிறது. கூரையோரத்தில் சருகு அப்படியே கிடக்கிறது, சுவரை ஒட்டி வளர்ந்த ஜூனிபர் அப்படியே நிற்கிறது. ஆய்வுக்கு வருபவர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

காட்டுத்தீயில் வீடுகள் பெரும்பாலும் தீயின் முகப்பு நேராக வந்து தொட்டு எரிவதில்லை. காற்றில் பறந்து வரும் கங்குகள் சுவரோரத்தில் விழுந்து, அங்கே இருக்கும் ஏதோ ஒன்றைப் பற்றவைத்து, அது வீட்டைப் பிடிக்கிறது. கங்கு ஒரு மைலுக்கு மேலும் பறந்து வரும். அதனால் இந்த வேலை சுவரில் தொடங்கி வெளியே போக வேண்டும். கீழே உள்ள வரிசையும் அதுதான். ஓக்லாந்து, சான் ரமோன், சான்டா குரூஸ், லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ என்று குன்றும் குடியிருப்பும் கலந்த பகுதிகளில் வீடு வைத்திருப்பவர்களுக்காக எழுதியது.

1. உங்கள் மனைக்கு எந்த விதி என்று பாருங்கள்

கத்தரிக்கோலை எடுக்கும் முன் கணினியில் பத்து நிமிட வேலை இருக்கிறது. மாநிலத் தீயணைப்பு மார்ஷல் அலுவலகத்தின் தீ அபாய மண்டல வரைபடத்தில் உங்கள் முகவரியைப் போடுங்கள். இரண்டு விவரம் வேண்டும்: மனை மாநிலத்தின் பொறுப்பிலா, உள்ளூரின் பொறுப்பிலா என்பது ஒன்று. அபாயம் மிதமா, அதிகமா, மிக அதிகமா என்பது மற்றொன்று.

மாநிலப் பொறுப்பில் இருந்தால் பொது வளச் சட்டத்தின் 4291-ஆம் பிரிவு பொருந்தும். ஆய்வுக்கு வருவது பெரும்பாலும் கால் ஃபயர், அதாவது மாநில வனவியல், தீத்தடுப்புத் துறை. உள்ளூர்ப் பொறுப்பில், மிக அதிக அபாய மண்டலத்தில் இருந்தால் அரசாங்கச் சட்டத்தின் 51182-ஆம் பிரிவு. வருவது நகர அல்லது மாவட்டத் தீயணைப்புத் துறை. கட்டடத்தைச் சுற்றி 100 அடிக்குப் புல், புதரைக் கழித்துவைக்க வேண்டும் என்று இரண்டும் கேட்கின்றன. இதைத்தான் எல்லோரும் டிஃபென்சிபிள் ஸ்பேஸ் என்கிறார்கள்.

வீடு வாங்கும்போது கையெழுத்திட்ட காகிதத்தில் 'தீ அபாய மண்டலத்தில் இல்லை' என்று இருந்ததே என்று நம்பி இருக்காதீர்கள். உள்ளூர்ப் பொறுப்புப் பகுதிகளுக்கான புதிய வரைபடங்கள் 2025 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்தன. முன்பு இல்லாத பல தெருக்கள் இப்போது உள்ளே வந்துவிட்டன.

அடுத்தது உள்ளூர் விதி. பலரும் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள், ஏனென்றால் மாநில விதி அடிமட்டம்தான். நகரம் அதற்கு மேல் கேட்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் மிக அதிக அபாய மண்டலத்தில் 100 அடிக்குப் பதில் 200 அடி கேட்கிறது, ஆய்வை மே 1-ஆம் தேதி தொடங்குகிறது. சான் டியேகோ நகரம் 100 அடியை வேறு மாதிரிப் பிரிக்கிறது: முதல் 35 அடி ஒரு மண்டலம், அடுத்த 65 அடி இன்னொன்று. அந்த இரண்டாம் மண்டலத்தில் எல்லாவற்றையும் வழித்தெடுப்பதே விதிமீறல். 24 அங்குலத்துக்கு மேல் வளர்ந்த செடிகளில் பாதியைத்தான் 6 அங்குல உயரத்துக்கு வெட்ட வேண்டும். பக்கத்து ஊர் நண்பர் 'நாங்கள் இப்படித்தான் செய்தோம்' என்று சொல்வது உங்கள் ஊருக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருந்தால் அவர்களிடம் ஒரு மின்னஞ்சல். பொது நிலமாக இருக்கும் சரிவை யார் சுத்தம் செய்வது என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.

2. எங்கிருந்து அளப்பது, எது வரை

அளவு வீட்டின் சுவரிலிருந்து தொடங்கும்; வேலியிலிருந்தோ வீட்டின் நடுவிலிருந்தோ இல்லை. வீட்டோடு ஒட்டிய மர டெக் இருந்தால் அதன் வெளி விளிம்பிலிருந்து அளங்கள். டெக் எரிந்தால் வீடும் எரியும் என்பதால் அதையும் வீடாகவே கணக்கிட வேண்டும். 100 அடி அளவுநாடா ஒன்றும் நான்கைந்து நிறக் கொடிகளும் போதும். 5 அடி, 30 அடி, 100 அடி என்று மூன்று இடத்தில் நட்டுவிட்டால் பிறகு வேலைக்கு வருபவருக்கும் குழப்பம் இருக்காது.

மாநில விதி உங்கள் மனையின் எல்லையோடு நின்றுவிடும். சுவருக்கும் வேலிக்கும் இடையே 40 அடிதான் என்றால் 40 அடிதான் உங்கள் கடமை. ஆனால் லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களில் கணக்கு மறுபக்கமும் ஓடும்: உங்கள் மனையில் கட்டடமே இல்லாவிட்டாலும், பக்கத்து வீட்டிலிருந்து 200 அடிக்குள் வரும் உங்கள் நிலத்தை நீங்கள்தான் சுத்தம் செய்ய வேண்டும். காலிமனையை முதலீடாக வாங்கிப் போட்டுவிட்டு வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள். கடிதம் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும்; தகவல் தெரிவது சொத்துவரிச் சீட்டில் கட்டணம் ஏறிய பிறகுதான்.

பக்கத்து வீட்டுப் புதர் உங்கள் சுவரை உரசுகிறது என்றாலும் அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்காதீர்கள். முதலில் பேசிப் பாருங்கள், பிறகு எழுதிக் கேளுங்கள். மசியவில்லை என்றால் தீயணைப்புத் துறைக்குத் தெரிவியுங்கள். அவரை வேலை செய்யவைக்கும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது.

3. வெட்டக்கூடாதவை எவை என்று தெரிந்துகொள்ளுங்கள்

தீக்காக வெட்டினேன் என்பது எல்லாவற்றுக்கும் சாக்காகாது. நான்கு விஷயங்களை முன்கூட்டியே சரிபாருங்கள்.

பாதுகாக்கப்பட்ட மரங்கள். ஓக் மரத்தை முழுதாக வெட்டப் பல ஊர்களில் அனுமதி வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் உள்நாட்டு ஓக், கருப்பு வால்நட், சிகமோர், பே லாரல் ஆகியவற்றோடு டோயான், எல்டர்பெரி புதர்களும் பட்டியலில் உள்ளன. காய்ந்த கிளையைக் கழிப்பது வேறு, தூரோடு சாய்ப்பது வேறு. பெரிய வெட்டு எதுவானாலும் முதலில் நகர அலுவலகத்தைக் கேளுங்கள்.

பறவைக் கூடுகள். பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை கூடு கட்டும் காலம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டைக் கலைப்பது சட்டப்படி குற்றம். அதனால் மரம், பெரும்புதர் வேலையைச் செப்டம்பரிலிருந்து ஜனவரிக்குள் முடித்துவிட்டு, வசந்தத்துக்குப் புல்லை மட்டும் மிச்சம் வைப்பதுதான் புத்திசாலித்தனம். சான் டியேகோவில் கடலோர சேஜ் புதர்க்காடுகளில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 15 வரை வெட்டுவதற்குத் தனித் தடையே உண்டு.

ஓடைக்கரை. ஓடையின் படுகையிலும் கரையிலும் உள்ள செடிகொடிகளைக் கணிசமாக அகற்றும் முன் மாநில மீன், வனவிலங்குத் துறைக்கு அறிவிக்க வேண்டியிருக்கலாம். கடற்கரை மண்டலத்துக்குத் தனி அனுமதி இருக்கிறது.

மின்கம்பி. கம்பியிலிருந்து 10 அடிக்குள் வரும் கிளையை நீங்களும் தொடாதீர்கள், சாதாரணத் தோட்டக்காரரையும் தொடவிடாதீர்கள். மின்நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

4. கருவிகள்

நைலான் கயிறு சுழலும் புல்வெட்டி, ஒன்றரை அங்குலக் கிளை வரை வெட்டும் நீள்பிடிக் கத்தரி, மடக்கு ரம்பம், கம்பில் பொருத்திய ரம்பம், இரும்புப் பல் வாரி, பெரிய தார்ப்பாய் இரண்டு. தோல் கையுறை, கண்ணாடி, முழுக்கை, கணுக்கால் மூடும் காலணி. இவற்றோடு தண்ணீர் திறந்த நிலையில் கைக்கெட்டும் தூரத்தில் தோட்டக் குழாய். குழாய் எட்டாத இடம் என்றால் தண்ணீர்த் தீயணைப்பான் ஒன்றும் மண்வெட்டியும்.

புல்லுக்கு உலோகத் தகடு வேண்டாம். கல்லில் பட்டால் பொறி பறக்கும். நைலானில் அது நடக்காது. பெட்ரோல் இயந்திரம் என்றால் புகைக்குழாயில் பொறித் தடுப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். காட்டுப் பகுதியில் அது சட்டப்படி கட்டாயம். பேட்டரி இயந்திரம் இருந்தால் அதுவே மேல்.

மூவிலை மூவிலையாக, எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கும் பாய்சன் ஓக்கை அடையாளம் தெரிந்துகொண்டு இறங்குங்கள். குளிர்காலத்தில் இலை இல்லாத தண்டும் அரிக்கும். கல் இடுக்கிலும் விறகுக் குவியலிலும் கையை விடும் முன் கம்பால் தட்டுங்கள். இங்கே கிலுகிலுப்பைப் பாம்பு சாதாரணம்.

5. சுவரிலிருந்து 5 அடி: ஜோன் 0

2020-இல் நிறைவேறிய ஏ.பி. 3074 என்ற சட்டம் உருவாக்கிய மண்டலம் இது. மாநில வனவியல் வாரியம் எழுதும் விரிவான விதிகள் புதிய வீடுகளுக்கு முதலிலும் பழைய வீடுகளுக்குப் பிறகும் என்ற முறையில் வருகின்றன. சில ஊர்கள் மாநிலத்துக்குக் காத்திராமல் தாங்களே விதி போட்டுவிட்டன. உங்கள் ஊரில் எந்தத் தேதி என்பது எதுவானாலும், பணமும் நேரமும் ஓரிடத்துக்குத்தான் இருக்கிறது என்றால் அது இங்கேதான் போக வேண்டும்.

மேலிருந்து கீழே வாருங்கள். முதலில் கூரை, பிறகு மழைநீர் வடியும் கூரையோர வாய்க்கால், பிறகு சுவர், கடைசியில் தரை. கீழே சுத்தம் செய்துவிட்டு மேலே ஏறினால் எல்லாச் சருகும் திரும்பக் கீழே விழும், அதே வேலையை இரண்டாம் முறை செய்வீர்கள். கூரையில் இரண்டு சரிவுகள் கூடும் பள்ளத்தையும், சுவரின் உள்மூலைகளையும் கூர்ந்து பாருங்கள். காற்று எங்கே சருகைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ அதே இடத்தில்தான் கங்குகளையும் சேர்க்கும்.

கூரையடி, மாடவெளி, தரையடிக் காற்றுத் துளைகளுக்கு உலோக வலை இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணி 8-இல் 1 அங்குலமோ அதற்குச் சிறியதோ வேண்டும். பழைய வீடுகளில் கால் அங்குல வலை இருக்கும்; கங்கு அதற்குள் தாராளமாக நுழையும். பிளாஸ்டிக் கொசுவலையைப் போட்டு அடைப்பவர்கள் உண்டு. அது சூட்டில் உருகிவிடும்.

தரையை மூடப் போட்ட மரப்பட்டை மல்ச்சை 5 அடிக்கு வாரி எடுத்துவிட்டு ஜல்லி, கல்பலகை, அல்லது சிமென்ட் போடுங்கள். ஜல்லி போட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம், அதன்மேல் சேரும் சருகு மல்ச் செய்த வேலையையே செய்யும்.

ஜன்னலுக்கு அடியில் உள்ள செடிகள், குறிப்பாக ஜூனிபர், ரோஸ்மேரி, இத்தாலியன் சைப்ரஸ், எடுக்கப்பட வேண்டும். ஜூனிபர் வெளியே பச்சையாகத் தெரியும். கிளையை விலக்கிப் பாருங்கள், உள்ளே முழுவதும் பழுப்பாகக் காய்ந்து கிடக்கும். கண்ணாடி சூட்டில் விரிசல் விட்டால் தீ நேராக வீட்டுக்குள் போகும்.

மர வேலி வீட்டுச் சுவரில் வந்து முடிகிறதா? தீ வேலி வழியாகவே ஓடி வரும். கடைசி 5 அடியை உலோகமாக மாற்றுங்கள். இரும்புக் கதவு ஒன்று வைத்தாலே போதும். டெக்கின் அடியில் அட்டைப்பெட்டி, பழைய மரச்சாமான், தோட்டக் குச்சி எதுவும் இருக்கக்கூடாது. குப்பைத் தொட்டி, விறகு, மெத்தை போட்ட நாற்காலி ஆகியவையும் இந்த 5 அடிக்கு வெளியே போக வேண்டும்.

நம் வீடுகளில் இதற்கென்றே ஒரு தனிப் பட்டியல் தேவைப்படுகிறது. வாசலில் தென்னைநார் மிதியடி, நிலைப்படியில் போன பண்டிகைக்குக் கட்டிக் காய்ந்த மாவிலைத் தோரணம், சுவரில் சாய்த்த மரத் தட்டியில் ஏறிய மல்லிகை, அதன் அடியில் பிளாஸ்டிக் தொட்டியில் கறிவேப்பிலை. நான்கும் கங்குக்கு நல்ல தீனி. தோரணத்தை மறுநாளே கழற்றுங்கள், மல்லிகையைச் சுவரை விட்டுத் தள்ளி இரும்புப் பந்தலுக்கு மாற்றுங்கள். தொட்டிச் செடிகளை 5 அடிக்கு வெளியே வைப்பதுதான் பாதுகாப்பு. அங்கே வெயிலும் அதிகம் கிடைக்கும் என்பதால் கறிவேப்பிலைக்கு அதில் நஷ்டம் இல்லை.

6. 5 அடியிலிருந்து 30 அடி வரை: ஜோன் 1

இங்கே செடி இருக்கலாம், ஆனால் உயிரோடும் ஈரத்தோடும் இருக்க வேண்டும். காய்ந்த புல், களை, செத்த செடி, சருகு எல்லாம் போக வேண்டும். தண்ணீர் பாயும் புல்தரை பிரச்சினையே இல்லை.

கூரைக்கு மேலே நீளும் கிளைகளை வெட்டுங்கள். புகைபோக்கியின் வாயிலிருந்து 10 அடிக்குள் கிளை இருக்கக்கூடாது. புகைபோக்கிக்கு அரை அங்குலத்துக்கு மிகாத கண்ணியுள்ள உலோக வலை மூடி வேண்டும். ஒரு மரத்தின் கிளை நுனிக்கும் அடுத்த மரத்தின் கிளை நுனிக்கும் 10 அடி இடைவெளி இருக்கட்டும்.

விறகு அடுக்கை 30 அடிக்கு வெளியே கொண்டுபோங்கள். அங்கேயும் அதைச் சுற்றி 10 அடிக்கு வெறும் மண் தெரியும்படி சுரண்டி வையுங்கள். புரொபேன் தொட்டிக்கும், தனியாக நிற்கும் கொட்டகைக்கும் அதே 10 அடி வெறுமண், அதற்கு வெளியே இன்னொரு 10 அடிக்கு எரியும் செடி இல்லாத தரை.

'தீ பிடிக்காத செடிகள்' என்று நர்சரியில் தரும் பட்டியலை அளவுக்கு மீறி நம்பாதீர்கள். தண்ணீர் இல்லாமல், கவாத்து செய்யாமல் விட்டால் எந்தச் செடியும் எரியும்.

7. 30 அடியிலிருந்து 100 அடி வரை: ஜோன் 2

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். இரண்டு வகைத் தவறு: ஒன்று, கண்ணளவில் 'கொஞ்சம் கழித்துவிட்டேன்' என்று நிற்பது, மற்றொன்று, பொட்டலாக வழித்துவிடுவது.

நோக்கம் தீயின் ஓட்டத்தை உடைப்பது. புல்லிலிருந்து புதருக்கும், புதரிலிருந்து மரக்கிளைக்கும் தீ ஏற முடியாமல் செய்ய வேண்டும். ஒரு புதர் எரிந்தாலும் அடுத்த புதர் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். அதனால் மேலும் கீழுமாக ஓர் இடைவெளி, பக்கவாட்டில் ஓர் இடைவெளி என்று இரண்டு கணக்கு.

மேல்-கீழ்க் கணக்கு: மரத்தின் மிகக் கீழே உள்ள கிளை தரையிலிருந்து 6 அடி உயரத்தில் இருக்க வேண்டும். மரத்தடியில் புதர் இருந்தால் இது போதாது. புதரின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு இடைவெளி வேண்டும். 5 அடிப் புதர் என்றால் கிளைக்கும் புதருக்கும் நடுவே 15 அடி. 20 அடி மரத்துக்கு இதைச் செய்யப் போனால் மரத்தை மொட்டையடிக்க வேண்டியதுதான். அந்த மாதிரி இடத்தில் மரத்தைத் தொடாமல் புதரை எடுத்துவிடுங்கள். வேலை குறைவு, மரமும் பிழைக்கும். சிறிய மரங்களில் மொத்த உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிக்க வேண்டாம்.

பக்கவாட்டுக் கணக்கு சரிவைப் பொறுத்தது. தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும், சுவாலை மேலே உள்ள செடியை முன்கூட்டியே சூடாக்கிவிடும் என்பதுதான் காரணம்.

சரிவு 20 சதவீதத்துக்குள்: புதர்களுக்கு நடுவே புதர் உயரத்தின் 2 மடங்கு, மரங்களுக்கு நடுவே 10 அடி.

20 முதல் 40 சதவீதம்: புதருக்கு 4 மடங்கு, மரத்துக்கு 20 அடி.

40 சதவீதத்துக்கு மேல்: புதருக்கு 6 மடங்கு, மரத்துக்கு 30 அடி.

இதில் ஏமாந்துபோகும் இடங்கள் இரண்டு. முதலாவது, கைப்பேசியின் மட்டம் பார்க்கும் செயலி காட்டுவது பாகை. விதி பேசுவது சதவீதம். 20 சதவீதம் என்பது ஏறத்தாழ 11 பாகைதான், 40 சதவீதம் ஏறத்தாழ 22 பாகை. செயலி 25 என்று காட்டுவதைப் பார்த்து 25 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு 4 மடங்கு விடுபவர், உண்மையில் 47 சதவீதச் சரிவில் நிற்கிறார். அவருக்கு 6 மடங்கு வேண்டும். 3 அடிப் புதருக்கு 12 அடி எங்கே, 18 அடி எங்கே.

இரண்டாவது, இடைவெளியைத் தூரிலிருந்து தூருக்கு அளப்பது. அளக்க வேண்டியது இலைவிரிவின் விளிம்பிலிருந்து அடுத்ததன் விளிம்புக்கு. தூர்க்கணக்கில் 10 அடி விட்ட இரண்டு மரங்களின் கிளைகள் மேலே கைகோத்துக்கொண்டிருப்பதை ஆய்வாளர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியாகப் போட வேண்டியதில்லை. நெருங்கி வளர்ந்த மூன்று நான்கு புதர்களை ஒரு திட்டாக வைத்துக்கொண்டு, திட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடலாம். முதலில் செத்தவற்றை மட்டும் எடுங்கள், பிறகு சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். பாதி இடைவெளி அதிலேயே கிடைத்திருக்கும். அதன்பின் எதை வைப்பது என்று தீர்மானித்து, வைப்பதற்கு நிற நாடா கட்டுங்கள். வெட்டுவதற்கு நாடா கட்டினால், கூலிக்கு வருபவர் ஒரு நாடாவைக் கவனிக்காமல் விட்டால் ஒரு புதர் மிஞ்சும், அதை நாளைக்கு வெட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் நடைமுறையில் 'நாடா உள்ளதைத் தவிர எல்லாம்' என்று சொன்னால்தான் வேலை ஒரே நாளில் முடிகிறது.

சரிவில் வேரோடு பிடுங்காதீர்கள். தரைமட்டத்துக்கு வெட்டி, வேரை மண்ணிலேயே விடுங்கள். வேர் போனால் முதல் பெருமழையில் மண் கீழ்வீட்டுக்கு இறங்கும். வழித்தெடுத்த மண்ணில் அடுத்த மழைக்கே காட்டுப் புல்லும் கடுகுச்செடியும் முளைத்து, மே மாதத்தில் காய்ந்து நிற்கும். முன்பிருந்த புதரைவிட அது எளிதில் பற்றும். உதிர்ந்த இலை, ஊசியிலை, சிறு சுள்ளி ஆகியவை 3 அங்குலக் கனம் வரை கிடக்கலாம் என்று மாநில விதியே அனுமதிக்கிறது. மண்ணைக் காக்க அது நல்லது.

ஆட்டு மந்தையை வாடகைக்கு விடுவது இப்போது பரவலாகிவிட்டது. ஏறமுடியாத சரிவுக்கு அது நல்ல வழி. புல்லையும் இளம்புதரையும் ஆடு மேய்ந்துவிடும். தடித்த காய்ந்த கட்டையை அது தொடாது, அதற்குப் பிறகும் ரம்பம் வேண்டும். வைத்துக்கொள்ள விரும்பும் இளமரங்களுக்குக் கம்பிவலை கட்டாவிட்டால் பட்டையை உரித்துத் தின்றுவிடும்.

8. புல்: தேதியும் நேரமும்

மாநில அளவு 4 அங்குலம், லாஸ் ஏஞ்சலஸ் அளவு 3 அங்குலம். அதற்குக் கீழே மண் தெரிய வெட்டாதீர்கள். கத்தி கல்லில் படும், மண்ணும் அரிக்கும்.

மார்ச்சில் வெட்டினால் அதன்பின் வரும் மழையில் மறுபடி வளரும். ஜூனுக்குத் தள்ளினால் புல் வைக்கோலாகியிருக்கும், வெட்டும் வேலையே தீ மூட்டும். ஏப்ரல் கடைசியில், கதிர் முற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு வெட்டு, தேவைப்பட்டால் மே கடைசியில் இரண்டாவது. கெடு தேதி ஊருக்கு ஊர் மாறும். கடிதத்தில் உள்ள தேதிக்கு ஒரு மாதம் முன்பே ஆள் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் கடைசி வாரத்தில் ஆளும் கிடைக்காது, கூலியும் ஏறிவிடும்.

வேலையைக் காலை 10 மணிக்குள் முடியுங்கள். பனியின் ஈரம் அதுவரைதான் இருக்கும். காற்று வீசினாலோ, ரெட் ஃபிளாக் எச்சரிக்கை (வானிலைத் துறை தரும் தீ அபாய எச்சரிக்கை) இருந்தாலோ அன்று இயந்திரத்தைத் தொடாதீர்கள். 2018-இல் வட கலிஃபோர்னியாவில் 4 லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்த ராஞ்ச் தீ தொடங்கியது, காய்ந்த புல்லில் ஒருவர் குளவிக் கூட்டை அடைக்க இரும்பு முளையைச் சுத்தியலால் அடித்தபோது பறந்த பொறியில்தான் என்று கால் ஃபயர் கண்டறிந்தது. இரும்பும் காய்ந்த புல்லும் சேரும் எந்த வேலைக்கும் இது பொருந்தும்.

சூடான இயந்திரத்தைப் புல்மேல் வைக்காதீர்கள். எரிபொருளை வெறுமண்ணில், ஆறிய பிறகு ஊற்றுங்கள். வண்டியையும் காய்ந்த புல்மேல் நிறுத்த வேண்டாம். வேலை முடிந்ததும் கிளம்பிவிடாமல் அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள், புகைந்துகொண்டிருப்பது அதற்குள் தெரிந்துவிடும்.

9. வெட்டியதை என்ன செய்வது

அன்றே அகற்ற வேண்டும். நிற்கும் பச்சைப் புதரைவிட வெட்டிக் குவித்துக் காய்ந்த புதர் மோசமானது. 'அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன்' என்று விட்ட குவியலுக்காகவே மறு ஆய்வில் தவறியவர்கள் நிறையப் பேர்.

பல மாவட்டங்களில் ஃபயர் சேஃப் கவுன்சில்கள் எனும் உள்ளூர்த் தீத்தடுப்பு அமைப்புகள் கிளைகளைப் பொடியாக்கும் இயந்திரத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகின்றன. பெரும்பாலும் இலவசம், ஆனால் முன்பதிவு வேண்டும். வெட்டிய முனைகளெல்லாம் சாலைப்பக்கம் பார்க்க ஒரே திசையில் அடுக்குங்கள், இல்லாவிட்டால் எடுக்காமல் போய்விடுவார்கள். கம்பி, கல், மண்ணோடு கூடிய வேர், பாய்சன் ஓக் கலக்கக்கூடாது. பொடியைத் திரும்ப வாங்கினால் மெல்லியதாக, வீட்டை விட்டுத் தள்ளிப் பரப்புங்கள்.

எரிக்க வேண்டாம். எரிப்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும், தீக்காலத்தில் அதையும் நிறுத்திவைப்பார்கள். பாய்சன் ஓக் புகையை இழுத்தால் நுரையீரல் பாதிக்கப்படும். ஓடையிலோ பள்ளத்தாக்கிலோ கொட்டுவது சட்டவிரோதம். உங்கள் சரிவின் அடியிலேயே தீனி சேர்த்து வைப்பதும் ஆகும்.

10. ஆய்வு, அபராதம், ஆவணம்

வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று, தேதியோடு படம் எடுங்கள். நான்கு மூலை, கூரையோரம், டெக்கின் அடி, சரிவு. ஆய்வாளர் வரும் நாளில் நீங்கள் வீட்டில் இருக்க வேண்டியதில்லை, ஆனால் இருந்தால் நல்லது. எது தவறு என்று சுட்டிக்காட்டும்போது எந்த மண்டலம், எந்த அளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கால் ஃபயர் தரும் படிவம் எல்.இ.-100, அதில் குறியிட்ட வரிகளை மட்டும் திருத்தினால் மறு ஆய்வுக்குப் போதும்.

4291-ஆம் பிரிவை மீறினால் முதல் முறை அபராதம் 100 முதல் 500 டாலர். அது பெரிய தொகையில்லை என்று விடுபவர்களுக்கு உண்மையான அடி வேறு வழியில் வரும்: உள்ளூர் நிர்வாகமே ஆள் வைத்து வெட்டி, கூலியையும் நிர்வாகக் கட்டணத்தையும் சொத்துவரியில் ஏற்றிவிடும். அந்தக் கூலியில் பேரம் பேச முடியாது.

வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால் ஏ.பி. 38 என்ற சட்டத்தை மறக்காதீர்கள். 2021 ஜூலை 1 முதல், அதிக அல்லது மிக அதிக அபாய மண்டலத்தில் உள்ள வீட்டை விற்பவர் டிஃபென்சிபிள் ஸ்பேஸ் விதி நிறைவேறியதற்கான ஆவணத்தை வாங்குபவருக்குத் தர வேண்டும். முடியாவிட்டால் வாங்குபவர் ஓராண்டுக்குள் நிறைவேற்றுவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். எஸ்க்ரோ (விற்பனை முடியும் வரை பணத்தை இடைநபர் வைத்திருக்கும் கட்டம்) தொடங்கிய பிறகு ஆய்வு கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கும். விளம்பரம் போடும் முன்பே கேளுங்கள். வாங்குபவராக இருந்தால், அந்த ஓராண்டு வேலையின் செலவை விலையில் பேசி வையுங்கள்.

ஆய்வு அறிக்கையைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். காட்டுத்தீ அபாயத்தை வைத்துக் கட்டணம் போடும் நிறுவனங்கள் இந்தத் தடுப்பு வேலைகளுக்குத் தள்ளுபடி தர வேண்டும் என்று மாநிலக் காப்பீட்டுத் துறை 2022-இல் விதித்திருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். ஆய்வில் தேறிவிட்டதால் பாலிசியைப் புதுப்பித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் அவர்களுக்கு இல்லை.

மே மாதத்தில் தேறியது அக்டோபர் வரை தாங்காது. டயாப்லோ, சான்டா ஆனா என்ற வறண்ட காற்றுகள் இலையுதிர் காலத்தில்தான் வேகமெடுக்கும். அதற்குள் கூரையில் மறுபடி சருகு சேர்ந்திருக்கும். செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலையை ஒதுக்கி, கூரை வாய்க்கால், டெக்கின் அடி, சுவரின் உள்மூலைகள் ஆகிய மூன்றை மட்டும் மீண்டும் சுத்தம் செய்யுங்கள். ஜோன் 2 அடுத்த ஏப்ரல் வரை காத்திருக்கலாம்.